போட்டோஷாப் சந்தாவை விடப்போகிறேன், பதிலுக்கு எதை எடுப்பது?

நிழல்தேடி:

வணக்கம் நண்பர்களே. போட்டோஷாப்புக்கும் லைட்ரூமுக்கும் சேர்த்து நான் கட்டிவரும் சந்தா அடுத்த மாதத்தோடு முடிகிறது. இந்தத் தடவை புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். முடிவெடுத்த நாளில் இருந்து சரியான தூக்கம் இல்லை, அது வேறு கதை.

நான் நிகழ்ச்சிப் படங்கள் எடுப்பவன். ஒரு நிகழ்ச்சிக்கு ஐநூறு, அறுநூறு ரா கோப்புகள் (கேமரா மெருகேற்றாமல் அப்படியே பதிவது) சேரும். கழித்தது போக எண்பது தேறும். அந்த எண்பதுக்கும் வெளிச்சம், நிறம் சரிசெய்ய வேண்டும். பத்துப் பதினைந்து படங்களில் மட்டும் முகத்தில் பருவை மறைப்பது, தலைக்குப் பின்னால் போகும் ஒயரை எடுப்பது மாதிரி வேலை இருக்கும். எப்போதாவது வாழ்த்து அட்டை செய்வேன், அதில் தமிழ் எழுத்து கட்டாயம். அப்புறம் பத்து வருடத்துப் பிஎஸ்டி கோப்புகள் (போட்டோஷாப்பின் சொந்த வடிவம்) ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையக் கிடக்கின்றன.

கிம்ப் என்ற இலவசப் படத்திருத்தியை இதுவரை இரண்டு முறை நிறுவி, இரண்டு முறையும் அரை மணி நேரத்தில் மூடிவிட்டேன். விண்டோஸ் மடிக்கணினி, 16 ஜிபி ரேம், பெரிய கிராபிக்ஸ் கார்டு எல்லாம் கிடையாது. தயவுசெய்து பத்துப் பெயர் சொல்லிக் குழப்பாமல் ஒரே ஒரு மென்பொருள் சொல்லுங்கள்.

ஒருவரிக்காரன்:

கிம்ப். மூன்றாவது முறையும் நிறுவுங்கள்.

பழைய_லென்ஸ்:

நண்பரே, ஒன்றே ஒன்று கேட்கிறீர்கள். ஆனால் இப்போது நீங்கள் வைத்திருப்பதே இரண்டு. எண்பது படத்துக்கும் ஒளி, நிறம் பார்ப்பது லைட்ரூம். பருவும் ஒயரும் போட்டோஷாப். சந்தா ஒன்றாக இருப்பதால் மென்பொருளும் ஒன்று என்று மனது நினைத்துக்கொள்கிறது. கிம்ப் உங்களுக்கு இரண்டு முறையும் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ரா கோப்பை நேராக கிம்ப்பில் திறக்கப் பார்த்தீர்களா? அது தன்னால் ரா கோப்பைத் திறக்காது. டார்க்டேபிள் அல்லது ராதெரப்பி என்ற இலவச ரா திருத்தி கூட இருந்தால் அதன் வழியாகத்தான் திறக்கும்.

உங்கள் வேலையில் முக்கால்வாசிக்கு மேல் ரா திருத்தம். அதற்கு டார்க்டேபிள் எடுத்துக்கொள்ளுங்கள். லைட்ரூம் போலவே மூலக் கோப்பைத் தொடாது. செய்த திருத்தங்களை எல்லாம் பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பில் எழுதி வைக்கும். 1 முதல் 5 வரை எண்களைத் தட்டினால் நட்சத்திரம் விழும், ஆர் தட்டினால் கழித்ததாகக் குறித்துக்கொள்ளும். அறுநூறில் எண்பதைப் பொறுக்குவது இப்படித்தான். ஒரு படத்தைச் சரிசெய்துவிட்டு கன்ட்ரோல்-சி, அதே வெளிச்சத்தில் எடுத்த மற்றதை எல்லாம் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-வி. லைட்ரூமில் 'சிங்க்' செய்தது போலத்தான்.

முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை. முதல் படத்தைத் திறந்ததும் 'என்ன இது, வெளுத்துப் போய்க் கிடக்கிறது' என்று தோன்றும். கேமராவின் பின்திரையில் நீங்கள் பார்த்தது கேமரா தானே சமைத்துக் கொடுத்த ஜேபெக். டார்க்டேபிள் காட்டுவது பச்சைக் காய்கறி. 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 படிநிலை வரை இருக்கும், 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 தான். அத்தனை படிநிலையையும் கையில் கொடுத்து, நீயே சமைத்துக்கொள் என்கிறது. பயந்து மூடிவிடாதீர்கள்.

நிழல்தேடி:

ஆமாம், ரா கோப்பைத்தான் கிம்ப்பில் திறந்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

டார்க்டேபிளை நேற்று இரவே இறக்கிப் பார்த்தேன். வெளுப்பு பரவாயில்லை. ஆனால் வலது பக்கம் எத்தனை பெட்டிகள்? நிறத்துக்கு மட்டுமே ஏழெட்டு இருக்கிறது. விமான ஓட்டியின் இருக்கையில் உட்கார வைத்த மாதிரி இருந்தது.

பழைய_லென்ஸ்:

எல்லாருக்கும் முதல் வாரம் அப்படித்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதில் பாதி, பழைய முறையில் செய்த திருத்தங்களைக் காப்பாற்றுவதற்காக விட்டு வைத்திருப்பவை. நீங்கள் தொடவே வேண்டாம்.

இந்த வரிசையை மட்டும் ஒரு மாதம் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் எக்ஸ்போஷர். முகம் எவ்வளவு வெளிச்சமாக வேண்டுமோ அதுவரை ஏற்றுங்கள், பின்னால் வானம் வெடித்தாலும் கவலைப்படாதீர்கள். அப்புறம் சிக்மாய்ட். வெடித்த வானத்தை அதுதான் மடக்கி உள்ளே கொண்டுவரும். கலர் காலிபரேஷனில் வெள்ளைச் சமன். கலர் பேலன்ஸ் ஆர்ஜிபியில் கொஞ்சம் நிறச் செறிவு. டீநாய்ஸ் புரொஃபைல்டு என்று ஒன்று இருக்கிறது, அது உங்கள் கேமராவின் பெயரையும் ஐஎஸ்ஓவையும் பார்த்துப் புள்ளி இரைச்சலைக் குறைக்கும். இந்த ஐந்தையும் 'விரைவு அணுகல்' பலகத்தில் போட்டுக்கொண்டு மற்றதை மறைத்துவிடலாம்.

லைட்ரூமில் ஒரே இழுப்பானில் நடந்தது இங்கே இரண்டு இடத்தில் நடக்கும். அது முதலில் எரிச்சலாக இருக்கும். பழகியபின் எது எதை மாற்றுகிறது என்று தெரிந்தே செய்வீர்கள்.

மஞ்சள்வடிகட்டி:

டார்க்டேபிள் பக்தர்களுக்கு நடுவில் ராதெரப்பிக்காக ஒரு குரல். 2010 முதல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருக்கும் மென்பொருள். எக்ஸ்போஷர், ஷேடோ, ஹைலைட் என்று பழக்கப்பட்ட பெயர்களிலேயே இழுப்பான்கள் இருக்கும், லைட்ரூமில் இருந்து வருபவருக்கு இரண்டே நாளில் பிடிபடும். அதன் 'கேப்சர் ஷார்ப்பனிங்' தரும் கூர்மையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் டார்க்டேபிள் உங்களிடம் சில இடங்களில் திணறும். ராதெரப்பி எல்லாவற்றையும் பிராசசரிலேயே செய்வதுதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அறுநூறு படத்தைப் பொறுக்க அது ஏற்றதில்லை. படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் வசதி 2022இல் வந்த 5.9 பதிப்பில்தான் சேர்ந்தது. டார்க்டேபிளின் மாஸ்க் அளவுக்கு அது கைக்கு அடங்காது. நிதானமாக ஒரு படத்தில் உட்காருபவருக்கு ராதெரப்பி, நிகழ்ச்சி எடுப்பவருக்கு டார்க்டேபிள். சரி, என் குரலை நானே அடக்கிக்கொண்டேன் போல.

அடுக்குக்காரி:

ரா பஞ்சாயத்து முடிந்ததா? கிம்ப்பை அரை மணி நேரத்தில் மூடுகிறவர்கள் எல்லாருமே கிட்டத்தட்ட ஒரே மூன்று இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். கூடப் பழகிய பலரிடம் பார்த்துவிட்டேன்.

சேமிக்கப் போனால் ஜேபெக் இல்லையே என்பது முதல் முட்டல். 'சேவ்' என்றால் கிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பு மட்டும்தான். ஜேபெக், பிஎன்ஜி எல்லாம் 'எக்ஸ்போர்ட்'. லேயர்களோடு (ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த அடுக்குகள்) வைத்திருக்க வேண்டிய கோப்பை அவசரத்தில் ஜேபெக்காகத் தட்டையாக்கிவிடக் கூடாது என்பதற்கு 2012இல் செய்த மாற்றம். அன்றைக்குக் கிளம்பிய சண்டை இன்னும் ஓயவில்லை.

அடுத்தது, அழிப்பானால் அழித்தால் பின்னணி மறையாமல் வெள்ளை பூசுகிறதே என்பது. ஜேபெக்கைத் திறந்தால் அந்த லேயரில் ஆல்ஃபா சேனல், அதாவது எந்த இடம் ஒளிபுகும் என்று பதியும் பகுதி, இருக்காது. லேயரின் மேல் வலது கிளிக் செய்து 'ஆட் ஆல்ஃபா சேனல்' கொடுங்கள், தீர்ந்தது.

மூன்றாவதுதான் ஆளை அழ வைப்பது. பிரஷ் ஓர் இடத்துக்கு மேல் வரையவே வரையாது. கிம்ப்பில் ஒவ்வொரு லேயருக்கும் தனி எல்லை உண்டு, மஞ்சள் புள்ளிக்கோடாகத் தெரியும். அதைத் தாண்டி வர்ணம் போகாது. 'லேயர் டு இமேஜ் சைஸ்' கொடுத்தால் சரியாகிவிடும். 3.0 பதிப்பில் வரைய வரைய எல்லை தானே விரியும்படியும் வைக்கலாம்.

நீங்கள் முன்பு நிறுவியது 2.10 ஆக இருந்தால், 2025 மார்ச்சில் வந்த 3.0ஐப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். ஃபில்டர்களைப் போட்டபிறகும் திரும்பப் போய் மாற்றலாம், பல லேயர்களை ஒன்றாகப் பிடித்து இழுக்கலாம், ஒட்டியது தனி லேயராகவே வந்து உட்காரும். இதற்கெல்லாம் நாங்கள் காத்திருந்த வருடங்களை எண்ணினால் வயதாகிவிட்டது தெரிகிறது. ஒரு சங்கடம்: 2.10க்கு எழுதிய பழைய பைத்தான் பிளக்-இன்கள் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) 3.0இல் அப்படியே ஓடாது. புதிதாக மாற்றி எழுதியதைத் தேடி எடுக்க வேண்டும்.

முகத்துக்கு 'வேவ்லெட் டீகம்போஸ்' என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது. தோலின் நுணுக்கத்தையும் நிறத்தையும் தனித்தனி லேயர்களாகப் பிரித்துக் கொடுக்கும். நிறமுள்ள லேயரில் மட்டும் மென்மையாக்கினால் தோல் துளைகள் அப்படியே இருக்கும். பொம்மை முகம் வராது. போட்டோஷாப்பில் இதையே கையால் நாலைந்து படியாகச் செய்திருப்பீர்கள். பருவுக்கு ஹீல் கருவி போதும், எச் தட்டினால் வரும்.

ஒருவரிக்காரன்:

ஒயருக்கு ரீசிந்தசைசர் பிளக்-இன்.

அடுக்குக்காரி:

ஆமாம், மறந்துவிட்டேன். ஒயரைச் சுற்றித் தேர்வு போட்டு 'ஹீல் செலெக்‌ஷன்' கொடுத்தால் சுற்றியுள்ளதை வைத்து நிரப்பிவிடும். 2010இல் போட்டோஷாப் சிஎஸ்5 'கன்டென்ட் அவேர் ஃபில்' என்று கொண்டுவந்து எல்லாரையும் வாய்பிளக்க வைத்ததே, அதற்கு முன்பே கிம்ப்காரர்கள் இதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தோம். அந்தப் பெருமையை மட்டும் விடமாட்டேன்.

ஆனால் எழுத்தில் சொன்னால் படத்தை வரைந்து நிரப்பும் செயற்கை நுண்ணறிவு வேலை கிம்ப்பில் கிடையாது. அதுதான் உங்கள் பிழைப்பு என்றால் சந்தாவை விடாதீர்கள். ஒயருக்கும் பருவுக்கும் அது தேவையில்லை.

சும்மாவந்தவன்:

இவ்வளவு பாடு எதற்கு? 2025 அக்டோபரில் இருந்து அஃபினிட்டி முழுவதும் இலவசம். ரா, லேயர், வெக்டர், பக்க வடிவமைப்பு எல்லாம் ஒரே செயலியில். பிஎஸ்டி திறக்கும், அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறமுறை உண்டு. கேன்வாவின் இலவசக் கணக்கு ஒன்று திறந்தால் போதும். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், இதோ அந்த ஒன்று.

கட்டற்றவன்:

ஐயா, இலவசம் வேறு, கட்டற்றது (மூலநிரலை யாரும் எடுத்து மாற்றலாம் என்பது) வேறு. அஃபினிட்டி நல்ல மென்பொருள்தான், மறுக்கவில்லை. முன்பு ஒரே தடவை காசு கொடுத்து வாங்குகிற பொருளாக இருந்தது. 2024இல் கேன்வா அந்த நிறுவனத்தை வாங்கியது, அடுத்த வருடம் இலவசமாக்கியது. ஒருவர் முடிவால் இலவசமானது அதே ஒருவர் முடிவால் மாறலாம். 2013 மேயில் அடோபி இனிமேல் சந்தா மட்டும்தான் என்று அறிவித்தபோது, வாங்கிய பொருள் இப்படி வாடகைப் பொருளாகும் என்று நம்மில் எத்தனை பேர் எதிர்பார்த்தோம்?

கிம்ப்பின் மூலநிரல் எல்லாரிடமும் இருக்கிறது. 1996இல் முதலில் வெளியிட்டவர்கள் பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள். அவர்கள் படிப்பை முடித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், மென்பொருள் முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு ஆட்கள் எடுத்து நடத்த அந்த உரிமம் வழி விட்டது. அந்த நாளில் கிம்ப்புக்காகச் செய்த பொத்தான், பட்டியல் சாமான்கள்தான் ஜிடிகே என்ற பெயரில் இன்று லினக்ஸின் கிநோம் டெஸ்க்டாப்பைத் தாங்குகின்றன.

சும்மாவந்தவன்:

தத்துவம் சரி. அவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் எண்பது படம் கொடுக்க வேண்டுமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கட்டற்றவன்:

வெள்ளிக்கிழமைக்கு எது கைக்கு வருகிறதோ அதைப் பிடிக்கட்டும். பத்து வருடத்துக்கு வைத்திருக்க வேண்டிய கோப்பை மட்டும் ஒரே நிறுவனத்தின் வடிவத்தில் பூட்டி வைக்க வேண்டாம் என்கிறேன். எனக்கே நடந்தது. ஆல்பம் செய்ய ஓர் இணையதளத்தை நம்பி இரண்டு வருட வேலையை அதிலேயே வைத்திருந்தேன். ஒரு நாள் மூடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. படங்களை இறக்கிக்கொள்ள முடிந்தது. போட்ட வடிவமைப்பு மொத்தமும் போயிற்று.

சும்மாவந்தவன்:

அது நியாயம்தான். ஆனால் 'கட்டற்றது' என்பதற்காகவே ஒருவர் கஷ்டப்பட வேண்டும் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன்.

எழுத்தாணி:

தமிழ் எழுத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. வாழ்த்து அட்டை செய்கிறவருக்கு அதுதான் முதல் கேள்வி.

கிம்ப்பில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வரும். பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு நூலகங்கள்தான் எழுத்துகளைக் கோத்துத் தருகின்றன. வெக்டர் வரைகலைக்கான இங்க்ஸ்கேப்பிலும் அப்படியே. போட்டோஷாப்பில் நம்மில் பலர் பட்ட பாடு நினைவிருக்கும்: 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம். அமைப்புகளில் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் வரை அந்தக் கூத்து நடந்தது. அஃபினிட்டியின் முந்தைய பதிப்புகளில் அப்படி ஓர் எஞ்சினே கிடையாது, தமிழ் சிதறிவிடும். அதனால் எதை நிறுவினாலும் முதலில் 'பொங்கும் கௌதாரி' என்று தட்டிப் பாருங்கள். உடையாமல் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

ஆனால் பழைய பிஎஸ்டிகளில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் இருந்தால் அது தனித் தலைவலி. எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்த உரையை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு மறுபடி அமைப்பதுதான் வழி.

நிழல்தேடி:

இருக்கின்றன. நிறையவே இருக்கின்றன. எழுத்துருவைத் தேடிக் காசு கொடுத்து வாங்கியதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

சரி, பிஎஸ்டிக்கு என்ன வழி?

அடுக்குக்காரி:

கிம்ப் பிஎஸ்டியைத் திறக்கும். ஆனால் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (ஒளி, நிறத் திருத்தம்), ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (உள்ளே பொதிந்த மூலப்படம்) எல்லாம் அப்படியே வரும் என்று நம்பிவிடாதீர்கள். உரை லேயரும் படமாக மாறித்தான் வரும். அவற்றை எல்லாம் உயிரோடு பார்க்க வேண்டுமானால் ஃபோட்டோபியா. பிரவுசரிலேயே ஓடும், போட்டோஷாப்பின் அச்சு அசல் முகம், ஷார்ட்கட்கள்கூட அதேதான். கோப்பு உங்கள் கணினியை விட்டு எங்கும் போகாது, எல்லா வேலையும் பிரவுசருக்குள்ளேயே நடக்கும். ஓரத்தில் விளம்பரம் ஓடும், அவ்வளவுதான் தொல்லை.

தினமும் அதில் வேலை செய்யச் சொல்லவில்லை. பழைய அட்டையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடு என்று யாராவது வந்து நிற்பார்கள் இல்லையா, அந்த நாளுக்கு அது.

பழைய_லென்ஸ்:

சந்தா முடிவதற்குள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இதுதான் அவசரம். லைட்ரூமில் செய்த திருத்தங்கள் எல்லாம் அதன் கேட்டலாக்குக்குள்தான் இருக்கும். நீங்கள் சொல்லாமல் அது எக்ஸ்எம்பியாக வெளியே எழுதாது. மொத்தப் படங்களையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எஸ் அடியுங்கள். நட்சத்திரங்களும் குறிச்சொற்களும் டார்க்டேபிளுக்கு வந்துவிடும். கிராப், எக்ஸ்போஷர் மாதிரி சில திருத்தங்களையும் அது மொழிபெயர்க்கப் பார்க்கும். ஆனால் அதே தோற்றம் வராது. இரண்டும் கணக்குப் போடும் விதமே வேறு.

அதனால் முடிந்த படங்களில் உயிரானவற்றை மட்டும் 16 பிட் டிஃப்பாக வெளியே எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் எடுத்தால் ஹார்ட் டிஸ்க் தாங்காது. சந்தா முடிந்தபின்னும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் 'டெவலப்' பகுதிதான் பூட்டிக்கொள்ளும். ஆகவே பதற்றம் வேண்டாம். பிஎஸ்டிகளில் மறுபடி தேவைப்படும் என்று தோன்றுவதற்கு மட்டும் ஒரு தட்டையான பிரதியும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

குறுக்குவழி:

இவ்வளவு பேசுவதற்குப் பதில் பூட்டை உடைத்த கிராக் பதிப்பைப் போட்டுவிட்டுப் போகலாமே. எல்லாரும் செய்வதுதான்.

மஞ்சள்வடிகட்டி:

நானும் செய்தேன். நிறுவும்போது ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொன்னது, அணைத்தேன். நான்காம் நாள் காலையில் ஒரு படமும் திறக்கவில்லை, எல்லாக் கோப்புக்கும் வால் முளைத்தது போல் ஏதோ ஒரு பெயர் ஒட்டியிருந்தது, பணம் கேட்டு ஒரு குறிப்பு. கழற்றி வைத்திருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது மட்டும் தப்பியது. அதற்குப் பிறகுதான் ராதெரப்பிக்கு வந்தேன்.

இலவச மென்பொருளையும் அதனதன் சொந்தத் தளத்தில் இருந்தே இறக்குங்கள். தேடியதும் மேலே வரும் விளம்பரங்களில் போலிகள் உண்டு.

அச்சுமை:

அச்சுக்குக் கொடுப்பீர்கள் என்றால் ஒரு வார்த்தை. கிம்ப் திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில்தான் வேலை செய்யும். அச்சில் எப்படி வரும் என்று திரையில் முன்னோட்டம் பார்க்கலாம், 3.0இல் சிஎம்ஒய்கே கோப்பாக வெளியே எடுக்கவும் செய்யலாம். கேன்வாஸையே சிஎம்ஒய்கேயில் வைத்து வேலை செய்ய வேண்டுமென்றால் கிரிட்டா. அது ஓவியர்களுக்கான மென்பொருள், புகைப்படக்காரருக்குக் கொஞ்சம் கை இடிக்கும். புகைப்படப் பிரதிக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்கையே கேட்பார்கள், அலட்டிக்கொள்ள வேண்டாம்.

நிழல்தேடி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கேட்டுவிட்டு ஓடிப்போனவன் என்ற பெயர் வேண்டாம்.

ஒரு நிகழ்ச்சியை முழுக்க டார்க்டேபிளில் முடித்தேன். லைட்ரூமில் ஒரு மாலையில் முடிகிற வேலைக்கு மூன்று மாலை ஆனது. இரண்டாவது நிகழ்ச்சிக்கு ஒன்றரை மாலை. பழைய_லென்ஸ் சொன்ன ஐந்து பெட்டியைத் தாண்டி இன்னும் போகவில்லை. மஞ்சள்வடிகட்டி சொன்னது உண்மை, டீநாய்ஸ் போட்டால் மடிக்கணினி மூச்சு வாங்குகிறது. அதனால் கடைசியில்தான் அதைப் போடுகிறேன். பழைய லைட்ரூம் படங்களோடு பக்கத்தில் வைத்தால் தோல் நிறம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. மோசம் இல்லை, வேறு மாதிரி. படம் வாங்கியவர் ஒன்றும் கேட்கவில்லை.

கிம்ப் 3.0 அரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. படத்தை அளவு மாற்றவோ திருப்பவோ கை மட்டும் இன்னும் போட்டோஷாப் போல கன்ட்ரோல்-டி (T) தட்டிக்கொண்டே இருக்கிறது, கிம்ப் ஒன்றும் செய்யாமல் நிற்கிறது.

அடுக்குக்காரி:

ஷிஃப்ட்-டி (T) தட்டுங்கள், 'யூனிஃபைடு டிரான்ஸ்ஃபார்ம்' வரும். பிடிக்கவில்லை என்றால் கீபோர்டு ஷார்ட்கட் அமைப்பில் போய் கன்ட்ரோல்-டியையே அதற்குக் கொடுத்துவிடலாம்.

நிழல்தேடி:

கொடுத்துவிட்டேன். பாதி வேதனை குறைந்தது! அஃபினிட்டியும் நிறுவினேன் சும்மாவந்தவன், கோபம் வேண்டாம், கௌதாரியோடு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. பழைய பிஎஸ்டிகளில் இருநூறு பார்த்தாயிற்று. ஃபோட்டோபியாவில் திறந்ததில் பாதிக்கு மேல் எதற்காக வைத்திருந்தேன் என்றே தெரியவில்லை, அழித்துவிட்டேன்.

ஒரு கேள்வி மிச்சம். எக்ஸ்எம்பி கோப்புகள் இரண்டு இரண்டாகக் கிடக்கின்றனவே, ஒன்றை அழிக்கலாமா?

பழைய_லென்ஸ்:

அழிக்காதீர்கள்! கோப்புப் பெயருக்குப் பின் நேராக எக்ஸ்எம்பி என்று இருப்பது லைட்ரூமுடையது. பெயர், அதன் பின் ரா கோப்பின் வால், அதற்கும் பின் எக்ஸ்எம்பி என்று இருப்பது டார்க்டேபிளுடையது. ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது. பேக்கப் எடுக்கும்போது ரா கோப்போடு இரண்டையும் சேர்த்தே நகலெடுங்கள்.